இங்கிலாந்தில் சேர்ந்த பணம் பீஞ்சமந்தை மலைக்கு ஏறிய வழி

வெளிநாட்டிலிருந்து யாராவது, "உங்க ஊருக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர்றேன், அவங்க படிப்புக்குப் பணமும் திரட்டித் தர்றேன்" என்று எழுதினால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். என்ன விசாவில் வருகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். பணத்தை எந்தக் கணக்கில் வாங்குவது என்பதையும் அவர் விமானம் ஏறுவதற்குள் முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து சின்னதாக ஒரு டிரஸ்ட் நடத்துகிறோம். அணைக்கட்டு ஒன்றியத்தின் மலை ஊராட்சிகளான பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லைப் பக்கத்துக் குக்கிராமங்களில் மாலை வகுப்பு நடத்துவதுதான் முக்கிய வேலை. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். சாமை, புளி, தேன் என்று ஓடுகிற பிழைப்பு. அது போதாதபோது குடும்பத்தோடு காப்பித் தோட்டத்துக்கோ மரம் வெட்டவோ வெளியூர் போய்விடுவார்கள். பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோவது அங்கேதான்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்துபோன உறவினர் ஒருவர் மூலமாக எங்களைப் பற்றிக் கேள்விப்பட்ட ஓர் ஆங்கிலேயப் பெண், மூன்று மாதம் தங்கிச் சொல்லித் தருவதாக எழுதினார். கல்லூரி முடித்த கையோடு வருகிறவர். டூரிஸ்ட் விசாவில் சம்பளமோ வேறு கைம்மாறோ இல்லாத தன்னார்வ வேலையை அதிகபட்சம் ஒரு மாதம் செய்யலாம். அதற்கு மேல் என்றால், தொண்டு நிறுவனத்தின் பெயரையும் இடத்தையும் குறிப்பிட்டு எம்ப்ளாய்மென்ட் விசா எடுக்க வேண்டும். எங்களைப் போன்ற சின்ன டிரஸ்டுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை என்று சொல்லி, வருகையை ஒரு மாதத்துக்குள் சுருக்கினோம். அவருக்கு வருத்தம்தான். ஆனால் மூன்று மாதம் பாடம் எடுத்துவிட்டுப் போனால் நான்காவது மாதம் பிள்ளைகளுக்கு யார் எடுப்பது என்ற கேள்வியும் எங்களுக்கு இருந்தது.

அடுத்தது, பழக்கத்தில் சி ஃபார்ம் என்று சொல்கிற பதிவு. வெளிநாட்டுக்காரர் யார் வீட்டில் தங்கினாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். ஒடுகத்தூரில் இதைப் பற்றி யாருக்குத் தெரியும்? வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வங்கதேசத்து நோயாளிகளுக்காகத் தினமும் போடுகிறார்கள் என்பது நினைவுக்கு வர, தெரிந்த லாட்ஜ் மேனேஜரிடம் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பெயரில் முன்கூட்டியே லாகின் வாங்கி வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். "பாஸ்போர்ட்ல பேர் எப்படி இருக்குதோ அப்படியே அடிங்க சார். ஒரு எழுத்து மாறிச்சின்னா போன் மேல போன் வரும்" என்றார். அவர் சொன்னபடி செய்ததால் போன் வரவில்லை.

அந்தப் பெண் ஒரு பெட்டி நிறைய நோட்டும் கலர் பென்சிலும் கொண்டுவந்திருந்தார். மலையில் முதல் நாள் மாலை வகுப்பில் பெட்டியைத் திறந்ததும், ஆறாவது படிக்கும் ஒரு பெண் குழந்தை எழுந்து போய்த் தன் பள்ளிப் பையை எடுத்து வந்தது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தது: அரசு முத்திரை போட்ட நோட்டு, கலர் பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ், அட்லஸ். பெருமையாகத்தான் காட்டியது, "எங்கிட்டயும் இருக்குது அக்கா" என்கிற மாதிரி. அவர் என்னைப் பார்த்தார். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் இதெல்லாம் இலவசம், சீருடையும் பஸ் பாஸும்கூட என்று நான் சொன்னதும், "அப்புறம் எதற்குப் பணம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அதற்கு வாசலில் நின்றிருந்த ஒரு தாய் பதில் சொன்னார். "நோட்டெல்லாம் கவர்மெண்டே குடுத்துடுது. எட்டாவது முடிச்சா இவள எங்க அனுப்பறது? அதுக்கு இன்னா வழின்னு கேளு தம்பி."

மேல் வகுப்புக்கு மலையிறங்க வேண்டும், அல்லது உண்டு உறைவிடப் பள்ளியில் சேர வேண்டும். அதற்கும் பிறகு கல்லூரிக்கும் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். மற்றவர்களுக்குத் தாலுகா ஆபீசோடு முடிகிற வேலை, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். பெற்றோருக்கே சான்றிதழ் இல்லாத வீடுகளில், தாத்தா பெயரில் ஏதாவது பழைய தாள் கிடைக்குமா என்று பானைக்குள்ளும் கூரையிலும் தேடுவார்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒருநாள் கூலி போச்சு, ஜீப் காசு போச்சு. உண்மையான செலவு இதுதான். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அந்த வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

எனவே பணம் எதற்கு என்பதை அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினோம். மலையிலேயே படித்து முடித்த இரண்டு பேருக்கு மாலை வகுப்பு ஆசிரியர் சம்பளம், ஜீப் வாடகை, சான்றிதழ் அலைச்சலுக்கு ஒரு தொகை. நோட்டுப் புத்தகத்துக்கு இளகுகிற மனசு ஜீப் வாடகைக்கு இளகாது என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அந்தப் பெண் அதை விளக்கமாக எழுதினார், பணமும் வந்தது. இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கேக் சுட்டு விற்பார்கள். நீண்ட தூரம் ஓடி, அதற்காகத் தெரிந்தவர்களிடம் பணம் கேட்பார்கள். நம் ஊரில் மொய் எழுதுகிற மாதிரி பெயரும் தொகையும் எல்லோர் கண்ணிலும் படும். பதிவு பெற்ற பிரிட்டிஷ் அறக்கட்டளை வழியாகத் திரட்டினால், வரி கட்டுகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கிஃப்ட் எய்டு என்று 25 பென்ஸ் சேர்கிறது. தனி ஆள் தன் பெயரில் திரட்டினால் அது இல்லை. இதையும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

வேலூருக்கு வெளிநாட்டுக் காசு புதிதல்ல. 1900-இல் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது, ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் கொடுத்த 10,000 டாலரோடுதான் வந்தார். அதில்தான் 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. அவர் காலத்தில் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இல்லை.

இப்போது இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் வாங்க நினைக்கும் டிரஸ்டுக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். பதிவு கேட்க மூன்று ஆண்டாவது இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். நாங்கள் அதன் பக்கத்திலேயே இல்லை. குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட திட்டம் என்று முன் அனுமதி வாங்குகிற வழியும் உண்டு. ஆடிட்டர் அதற்கான தாள்களைச் சொன்னதுமே, நம் தொகைக்கு அது தாங்காது என்று புரிந்தது. "பேசாம உங்க அக்கவுண்டுக்கு அனுப்பிடச் சொல்லுங்களேன்" என்று சொன்ன புண்ணியவான்களும் உண்டு. தொண்டுக்காக வெளிநாட்டில் திரட்டிய பணத்தைத் தனி ஆள் கணக்கில் வாங்குவது சட்ட மீறல். உறவுக்காரர் அனுப்புவது வேறு, இது வேறு.

பதிவு பெற்ற வேறொரு நிறுவனம் வாங்கி எங்களுக்குத் தரலாமா? 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் முடியாது. பணத்தை வாங்கியவரே செலவு செய்ய வேண்டும். கடைசியில் அந்த வழியையே திருப்பிப் போட்டோம். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள, மாவட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்கிற ஒரு நிறுவனம் மாலை வகுப்பைத் தன் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. ஆசிரியர்கள் இருவரும் அவர்கள் சம்பளப் பட்டியலில் சேர்ந்தார்கள். நாங்கள் வழிகாட்டுவதோடு நின்றோம். பணம் டெல்லி பார்லிமென்ட் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் இறங்கி, அங்கிருந்து அவர்களின் இன்னொரு கணக்குக்கு வந்தது. வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆசிரியர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்று ஆடிட்டர் விதியைக் காட்டியபோதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

இதற்கிடையில் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன்களும் தருவதாகச் சொன்னார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்.ஆர்.ஐ. தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணமாகாது. டிரஸ்டின் சாதாரணக் கணக்கிலேயே வாங்கலாம். அதே ஊர், அதே தெரு, ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமைக்கு மாறி, வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. கார்டு வைத்திருந்தால் அது வெளிநாட்டுப் பணம். ஒரே வீட்டு அண்ணன் தம்பியில் தம்பியிடம் வாங்கிக்கொண்டு, அண்ணனை அந்த நிறுவனத்தின் டெல்லிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னோம். "எங்கிட்ட மட்டும் இன்னா தீட்டா?" என்று அவர் கோபித்துக்கொண்டார். தம்பியின் பாஸ்போர்ட் நகல் ஒன்றை ஃபைலில் வைத்திருக்கிறோம்.

கொடுத்தவர்களில் சிலர் பிள்ளைகளின் போட்டோவும் கடிதமும் கேட்டார்கள். ஆளுக்கொரு பிள்ளை என்று பிரித்துவிடலாம் என்றும் யோசனை வந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டோம், வேண்டாம் என்றார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தன் வறுமையைத் தானே எழுதி நன்றி சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் உட்கார வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை அனுப்புகிறது நிறுவனம்: சம்பளம் இவ்வளவு, ஜீப் இவ்வளவு, சான்றிதழ் கைக்கு வந்த பிள்ளைகள் இத்தனை பேர்.

அந்தப் பெண்ணின் தோழி ஒருவர் அடுத்த மே மாதம் வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். மே மாதம் பள்ளி விடுமுறை, மலையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். ஜூலைக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறோம். ஜூனில் இங்கே யாருக்கும் நேரம் இருக்காது, சேர்க்கை விண்ணப்பம் எழுதவே ஆள் போதாது.