பெயிண்ட் அடித்தால் ஸ்பீடு கன்னுக்குத் தப்பலாமா?

போர் விமானங்களுக்குப் பூசும் ரகப் பெயிண்டைக் காருக்கும் அடித்துவிட்டால் போலீஸாரின் ஸ்பீடு கன்னில் வண்டி சிக்காது என்று கார் பிரியர்களிடையே ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. அவ்வளவு செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு, பளபளப்பில்லாத மேட் கறுப்பு அடித்தாலே பாதி வேலை முடிந்தது என்ற மலிவுப் பதிப்பும் உண்டு. நான் மைக்ரோவேவ் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவன் என்பதால் தெரிந்தவர்கள் இதை என்னிடம் கேட்கிறார்கள். தப்ப முடியாது என்பதே பதில். ஆனாலும் இந்த யோசனை முழுப் பொய்யும் அல்ல. அதில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் இத்தனை காலம் சாகாமல் இருக்கிறது.

தொலைவிலிருந்தே வண்டியின் வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன்னில் ரேடார், லேசர் என இரண்டு வகை உண்டு. முதலில் ரேடார் கன். சாலையில் வேகத்தை அளக்க ரேடாரைப் பயன்படுத்தும் பழக்கம் 1947இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கிளாஸ்டன்பரி என்ற ஊரில் தொடங்கியது. இன்றைய கருவிகளில் பல 24.15 கிகாஹெர்ட்ஸிலும், வேறு பல 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரையிலும் இயங்குகின்றன. கருவி அனுப்பும் அலை, எதிரே வரும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்றே கூடியிருக்கும். இதுதான் டாப்ளர் விளைவு. 24.15 கிகாஹெர்ட்ஸ் கருவியை நோக்கி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வந்தால் அந்த வேறுபாடு ஏறத்தாழ 4,470 ஹெர்ட்ஸ். கருவி கணக்கிடுவது இந்த எண்ணைத்தான். எதிரொலி வலுவாக வந்தாலும் நலிந்து வந்தாலும் இது மாறாது. பெயிண்டால் எதிரொலியின் வலுவைத்தான் குறைக்க முடியுமே தவிர அதன் அதிர்வெண்ணைத் தொட முடியாது. ஆகவே 100ஐ 80ஆகக் காட்டும் பெயிண்ட் என்ற ஒன்று இருக்கவே முடியாது. எதிரொலியைக் கருவியின் காதுக்கு எட்டாத அளவுக்கு நலிய வைக்க முடியுமா என்பது மட்டுமே மிஞ்சும் கேள்வி.

அலையை விழுங்கும் பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றன. எதிரொலியில்லா அறை எனப்படும் சோதனைக் கூடத்தின் சுவர் முழுவதும் கரி ஏற்றிய நுரைக் கூம்புகள் பதித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் அல்லது அதற்கும் மேல் நீளம், கையில் எடுத்தால் தக்கையாக இருக்கும், ஓரத்தை நசுக்கினால் விரலில் கறுப்பு ஒட்டும். உள்ளே நுழையும் அலை கூம்புகளுக்கிடையே முட்டி மோதிக் கரைந்துபோகும். இதையே மெல்லிய பூச்சாக்கி உலோகத்தின் மேல் தடவினால் என்ன என்று கேட்பவர்கள் ஒரு இயற்பியல் உண்மையை மறந்துவிடுகிறார்கள். உலோகத்தின் பரப்பில், அதற்கு இணையான மின்புலம் ஏறத்தாழச் சுழியாகிவிடும். மின்புலமே இல்லாத இடத்தில் கரியைப் பூசினால் அது எதை விழுங்கும்? மின்புலம் உச்சத்தை எட்டும் இடம் பரப்பிலிருந்து கால் அலைநீளம் தள்ளி இருக்கிறது. 24 கிகாஹெர்ட்ஸுக்கு அது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தொழிற்சாலையில் காருக்கு அடிக்கும் பெயிண்டின் எல்லா அடுக்குகளும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத்தான் தாண்டும். மேட் கறுப்பின் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது.

மற்றொரு வழி, இரும்புத் துகள் போன்ற காந்தப் பொருளைக் கலப்பது. உலோகப் பரப்பில் காந்தப்புலம் வலுவாக இருப்பதால் இது வேலை செய்யும். எஸ்ஆர்-71 உளவு விமானத்தில் இரும்புத் துகள் கலந்த பெயிண்டைப் பூசியது இதற்காகத்தான். இந்த வகையில் ரப்பர் தகடுகளும் உண்டு. உள்ளங்கை அகலத் துண்டைக் கையில் வாங்கினாலே அதன் கனம் மணிக்கட்டில் தெரியும். கன சென்டிமீட்டருக்கு 4 கிராம், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர், மூட வேண்டிய பரப்பு 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 60 கிலோ வருகிறது. கூடவே ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு திரிவதற்குச் சமம். அப்படியும் அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில்தான் நன்றாக விழுங்கும். போலீஸார் வேறு அதிர்வெண்ணில் இயங்கும் கன்னோடு நின்றால் பலன் பெருமளவு போய்விடும்.

விமானத்தில் பலித்தது காரில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1981இல் முதன்முறை பறந்த எஃப்-117 என்ற அமெரிக்கப் போர் விமானத்தை ரேடாரிடமிருந்து மறைத்ததில் பெரும்பங்கு அதன் வடிவத்துக்குரியது. மாஸ்கோவைச் சேர்ந்த இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்ட்செவ் 1962இல் வெளியிட்ட ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, வந்த அலை வந்த வழியே திரும்பாதபடி பட்டை பட்டையாகச் செதுக்கினார்கள். பூச்சு அதற்குப் பிறகுதான். காரின் வடிவமோ நேர்மாறு. பிளாஸ்டிக் பம்பரை ஊடுருவிச் செல்லும் அலை உள்ளே ரேடியேட்டரிலும் எஞ்சினிலும் மோதுகிறது. கண்ணாடி வழியே நுழைந்தது இருக்கைச் சட்டத்திலும் ஸ்டீயரிங்கிலும் பட்டுத் திரும்புகிறது. சக்கரங்களும் தம் பங்குக்கு எதிரொலிக்கின்றன. இவற்றுக்கெல்லாம் யார் பெயிண்ட் அடிப்பது?

போகட்டும், ஏதோ ஒரு மாயம் நடந்து எதிரொலி பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்றே கொள்வோம். எதிரொலி தொலைவின் நான்காம் அடுக்கில் நலிவதால், கருவி பிடிக்கும் தொலைவு பத்தில் ஒன்றாகிவிடாது. ஏறத்தாழ 56 சதவீதமாகத்தான் குறையும். 800 மீட்டரில் சிக்க வேண்டிய கார் 450 மீட்டரில் சிக்கும். எதிரொலியைப் பதினாறில் ஒன்றாக்கினாலும் தொலைவு பாதியாவதோடு சரி.

லேசர் கன் முற்றிலும் வேறு. அது 905 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்புகளை அனுப்பி, ஒவ்வொன்றும் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் தீர்ப்பு வந்துவிடும். அதற்குள் 100 கிலோமீட்டர் வேகக் கார் 9 மீட்டருக்கு மேல் நெருங்கியிருக்கும். ஒளி திரும்பும் நேரம் ஏறத்தாழ 60 நானோவினாடி குறைந்திருக்கும். கற்றை 300 மீட்டர் தொலைவிலும் சுமார் ஒரு மீட்டர் அகலமே இருப்பதால், காவலர் அதைக் காரின் குறிப்பிட்ட ஓரிடத்தில் குறிவைக்க முடிகிறது. அந்த இடம் பெரும்பாலும் நம்பர் பிளேட்.

நான் சொன்ன துளி உண்மை இங்கேதான் இருக்கிறது. கரிநிறமி சேர்த்த கறுப்பு, அகச்சிவப்பையும் நன்றாகவே விழுங்கும். வெள்ளைக் காரைவிட அத்தகைய கறுப்புக் காரின் உடற்பரப்பு லேசருக்கு மங்கலான இலக்குதான். இந்த எண்ணத்தின் உச்சத்தைப் பார்க்க விரும்புவோருக்கு, 2019இல் பிராங்பர்ட் கண்காட்சியில் வாண்டாபிளாக் வகைப் பூச்சோடு வைக்கப்பட்ட பிஎம்டபிள்யூ எக்ஸ்6 இருக்கிறது. மேலே விழும் ஒளியில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தையே திருப்பி அனுப்பும் பூச்சு அது. ஆனால் அந்தக் காரிலும் ஹெட்லைட், முன்கிரில், கண்ணாடிகள் ஆகியவற்றின் மேல் பூச்சு கிடையாது. லேசர் குறிபார்க்கும் முகம் முகமாகவே இருக்கிறது. ஹெட்லைட்டின் கிண்ணம் ஒளியைத் திருப்பி அனுப்புவதற்கென்றே செய்த பொருள். நம்பர் பிளேட்டும் அப்படித்தான்: 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் மேற்பரப்பு, வந்த ஒளியை வந்த திசைக்கே அனுப்பும் படலத்தால் ஆனது. இரவில் டார்ச்சை நெற்றியருகே பிடித்து அடித்துப் பாருங்கள். அது எவ்வளவு பளிச்சென்று திரும்பிப் பார்க்கிறது என்பது தெரியும். உடம்பு முழுக்கக் கறுப்பை அப்பிவிட்டு நெஞ்சில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு ஒளிந்து விளையாடுவது போன்றது இது.

இதைப் புரிந்துகொண்டவர்கள் அமெரிக்காவில் ஹெட்லைட்டிலும் பிளேட்டிலும் தடவுவதற்கென்றே ‘வெய்ல்’ (Veil, அதாவது முகத்திரை) என்ற பூச்சை விற்றார்கள். குறி சரிதான். பலனோ, பிடிபடும் தொலைவு சற்றுச் சுருங்குவது மட்டுமே. 300 மீட்டரில் சிக்குவது 200 மீட்டரில் சிக்கினால் ஓட்டுபவருக்குக் கிடைப்பது மூன்றரை வினாடி. அதுவும், எதிரே காவலர் நிற்கிறார் என்று வேறு எதாவது சொன்னால்தான் அந்த வினாடிகளால் பயன். தவிர, விளக்கொளியை மங்கவைப்பது இரவில் ஓட்டுபவரின் பார்வையையே பறிக்கும். நம் ஊரில் நம்பர் பிளேட்டை மறைப்பதும் மங்கச் செய்வதும் தனிக் குற்றம்.

வேடிக்கை என்னவென்றால், பெயிண்ட் தொழில் இப்போது எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. தானியங்கிக் கார்களின் லேசர் கண்ணுக்குக் கறுப்புக் கார்கள் சரியாகத் தெரிவதில்லை என்பதால், பார்வைக்குக் கறுப்பாகவும் அகச்சிவப்புக்கு வெளிச்சமாகவும் இருக்கும் பூச்சுகளை உருவாக்குகிறார்கள். கருநீலக் கத்தரிக்காயின் தோல் அகச்சிவப்பை உள்ளே விட, அடியிலிருக்கும் வெண்சதை அதைத் திருப்பி அனுப்பும், அதே ஏற்பாடு. ரேடாரிலும் இப்படித்தான். தானே பிரேக் போடும் வசதி கொண்ட கார்களில் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று பம்பருக்கோ முன்சின்னத்துக்கோ பின்னால் ஒளிந்திருக்கிறது. அதன் முன்னால் பெயிண்ட் கொஞ்சம் தடித்தாலோ உலோகத் துகள் மிகுந்தாலோ அது தடுமாறும் என்பதால், பம்பரை மறுபடி பெயிண்ட் அடிப்பதற்குக் கார் நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. போலீஸ் ரேடாரை ஏமாற்ற இரும்புப் பெயிண்டை அங்கே பூசுபவர் முதலில் தம் காரின் கண்ணைத்தான் கட்டுகிறார்.

சாலைக்கடியில் பதித்த உணரிகளால் அளக்கும் கேமராக்களுக்கும், இரண்டு இடங்களில் நம்பரைப் படித்து இடைப்பட்ட நேரத்தை வகுத்துச் சராசரி வேகம் காணும் ஏற்பாட்டுக்கும் காரின் நிறம் ஒரு பொருட்டே இல்லை.

ஸ்பீடு கன்கள் பிழையே செய்யாதவை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1979இல் புளோரிடாவில், மணிக்கு 86 மைல் வேகத்தில் ஒரு பனைமரமும் 28 மைல் வேகத்தில் ஒரு வீடும் ‘ஓடியதாக’ ரேடார் காட்டியது அம்பலமாகி, மயாமி பகுதி நீதிபதி ஒருவர் ரேடார் சாட்சியத்தை ஏற்க மறுத்தார். போலீஸ் வண்டிக்குள் சுழலும் விசிறிகூட அந்த மாதிரி எண்ணைத் தரக்கூடும். இங்கே, மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, மின்னணுக் கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. 2025 ஜூலை முதல் ரேடார் வேகமானிகளையும் தராசைப் போல எடையளவுத் துறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும். தன் மேல் விழுந்த அபராதம் தவறு என்று நினைப்பவர் செலானில் இருக்கும் படம், அளந்த வேகம், இடம், நேரம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அந்தக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று எழுத்து மூலம் கேட்கலாம்.