திருப்பூரிலிருந்து அமைதிப் பள்ளத்தாக்கு: பஸ்ஸில் போய் வந்த கணக்கு

தேசியப் பூங்காவுக்குப் போவதில் நுழைவுச்சீட்டுக்கு ஆகிற செலவு பெரிதே இல்லை. காசைத் தின்பது வாடகை வண்டியும் சீசன் நேரத்து அறை வாடகையும்தான். நான் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஒரு டிராவல்ஸில் ஐந்து பேருக்கு மூணாறு 'பேக்கேஜ்' என்று 28 ஆயிரம் சொன்னபோது, அந்தத் தொகையில் காட்டுக்குப் போகிற பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மிச்சமெல்லாம் ஏசி வண்டி, ரிசார்ட், கேம்ப் ஃபயர், சாக்லேட் ஃபேக்டரி. சரி, நாமே போட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பாலக்காட்டுக் கணவாயின் இரண்டு பக்கமும் காடு. தெற்கே ஆனைமலை, அதற்கு அந்தப் பக்கம் மூணாறை ஒட்டி இரவிகுளம். வடமேற்கே அமைதிப் பள்ளத்தாக்கு என்கிற சைலன்ட் வேலி. வடக்கே முதுமலை. வட இந்தியாவிலிருந்து ரயிலேறி, விமானமேறி வந்து பார்க்கிற இடங்களுக்கு நாம் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய்விடலாம்.

எதற்குப் போவது என்று முடிவு செய்வதில்தான் வீட்டில் இழுபறி. முதுமலை என்றால் ஊட்டி வழியாகப் போய் அந்தப் பக்கம் கூடலூர் ரோட்டில் இறங்க வேண்டும். சொந்த வண்டி என்றால் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை என்றாலும், எங்களுக்குத் தூரம் அதிகம். முக்குருத்தி என்று என் மச்சினன் சொன்னான். அது தேசியப் பூங்காதான், ஆனால் குடும்பத்தோடு போய் வண்டியில் சுற்றுகிற இடம் இல்லை. இரவிகுளம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் எங்களுக்குத் தோதான லீவு பிப்ரவரியில்தான் வந்தது. வரையாடு குட்டி போடுகிற காலம் என்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாக அந்தப் பூங்காவை மூடிவிடுவார்கள். ஆனைமலையில் இருக்கிற டாப்ஸ்லிப்பில் கோடை முற்றிக் காட்டுத்தீ அபாயம் கூடினால் கேட்டைச் சாத்திவிடுவதுண்டு. அமைதிப் பள்ளத்தாக்குக்கு மழைக்காலம்தான் ஆகாது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். அப்படித்தான் அது எங்கள் தலையில் விழுந்தது. பூங்காவைத் தேர்ந்துவிட்டு அப்புறம் லீவு தேடுவதைவிட, லீவை வைத்துக்கொண்டு எந்தப் பூங்கா திறந்திருக்கிறது என்று பார்ப்பது எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு வசதி.

அடுத்தது ஜீப். அமைதிப் பள்ளத்தாக்குக்குள் சொந்த வண்டியை விடுவதில்லை. முக்காலி என்கிற ஊரில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. அங்கே பதிந்து, அவர்கள் ஏற்பாடு செய்கிற வண்டியில்தான் 23 கிலோமீட்டர் உள்ளே சைரந்திரி வரை போக முடியும். கூடவே ஒரு வழிகாட்டியும் வருவார். ஜீப்பில் ஐந்து பேர். வாடகை வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. இரண்டு பேர் போனாலும் அதே காசு, ஐந்து பேர் போனாலும் அதே காசு. நாங்கள் வீட்டில் நான்கு பேர். காலியாகப் போகிற ஐந்தாவது சீட்டை மச்சினனுக்குக் கொடுத்தேன். அவன் பங்கை அவனே கொடுத்துவிட்டான், எங்கள் பங்கு குறைந்தது. (மனைவி இதை வேறு மாதிரி சொல்வாள்: "எந்தம்பிகிட்டயும் கணக்குப் பார்த்துட்டாருங்க.") இரண்டு பேராகப் போகிறவர்கள் முக்காலியில் காத்திருக்கிற வேறு ஒரு ஜோடியைச் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் அந்த அலுவலக வாசலில் அப்படி ஆள் தேடிக்கொண்டு சிலர் நிற்பதைப் பார்த்தோம்.

வார நாளில் போங்கள். இதை இரண்டு முறை வேண்டுமானாலும் சொல்வேன். சனி, ஞாயிறில் ஜீப் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. முன்கூட்டியே பதிந்துவிட்டுப் போவது நல்லது, அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். முதல் வண்டி காலை 8 மணிக்கு. மதியத்துக்கு மேல் யாரையும் உள்ளே அனுப்ப மாட்டார்கள், ஏனென்றால் போய் வரவே நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆகவே எங்கள் திட்டம் முழுவதையும் அந்த 8 மணியிலிருந்து பின்னோக்கிப் போட்டேன். திருப்பூரிலிருந்து அதிகாலையில் கிளம்பினாலும் 8 மணிக்கு முக்காலியில் இருக்க முடியாது. அப்படியானால் முந்தின இரவு, முக்காலி இருக்கிற அட்டப்பாடி மலைப்பகுதிக்குள் தங்கியாக வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து முக்காலி சுமார் 65 கிலோமீட்டர். திருப்பூரிலிருந்து அவினாசி வழியாகக் காந்திபுரம், அங்கிருந்து ஆனைகட்டிக்கு டவுன் பஸ். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறியதால் அம்மாவுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் டிக்கெட் இல்லை. கண்டக்டர் எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் காசு வாங்கியபோது மச்சினன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தடாகம் தாண்டினால் மூடப்பட்ட செங்கல் சூளைகள், அப்புறம் மலை. ஆனைகட்டியில் ஒரு பாலத்தைக் கடந்தால் கேரளம். அங்கிருந்து மன்னார்க்காடு போகிற கேரள பஸ் அகளி, முக்காலி வழியாகத்தான் போகிறது.

மேற்கே மன்னார்க்காட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மலைப்பாதை, பச்சை, பனி எல்லாம் முதலிலேயே வந்துவிடும். நம் பக்கமிருந்து போனால் அப்படி இல்லை. ஆனைகட்டி, கோட்டத்துறை வரைக்கும் நம் காங்கேயம், பல்லடம் பக்கத்துக் காடு மாதிரியே வறண்டுதான் கிடக்கிறது. மழை மறைவுப் பகுதி. துவரை, ராகி, சோளம், ஆடு. அட்டப்பாடித் துவரைக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அம்மா திரும்பி வரும்போது அதில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டார். தமிழும் தாராளமாகச் செல்லுபடியாகிறது. அகளி தாண்டியதும் ஒவ்வொரு வளைவுக்கும் பச்சை ஏறுகிறது. முக்காலியில் இறங்கும்போது காற்றே வேறு.

அகளியில் சாதாரண லாட்ஜ் ஒன்றில் இரண்டு அறை. வெந்நீர் வரும் என்றார்கள், வரவில்லை. போனில் சொன்ன வாடகைக்கு மேல் 'எக்ஸ்ட்ரா பெட்' என்று ஒரு தொகை சேர்த்தார்கள். வாட்ஸாப்பில் வாடகையை எழுதி வாங்கி வைத்திருந்ததால் அதைக் காட்டினேன், குறைத்துக்கொண்டார்கள். வாயால் பேசி அறை போடாதீர்கள்.

முக்காலியில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஜீப்புக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் ஓடுகிற ஆற்றைப் பார்த்து, இது எந்த ஆறு என்று அம்மா கேட்டார். பவானி என்றார் வழிகாட்டி. அம்மா கோபிக்காரர். கொடிவேரி அணையிலிருந்து வருகிற தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் நெல் நட்ட குடும்பம். "நம்ம பவானியா? அது மேட்டுப்பாளையத்துலிருந்தல்லொ வருது?" என்றார். நீலகிரியில் பிறந்து, இந்தக் காட்டோரமாகத் தெற்கே இறங்கி, முக்காலிப் பக்கத்தில் சட்டென்று வடகிழக்கே திரும்பி, அட்டப்பாடி வழியாக மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வந்து பில்லூர் அணைக்குப் போகிறது என்று அந்தப் பையன் கையால் வளைத்துக் காட்டினார். அதே காட்டுக்குள் ஓடுகிற குந்திப்புழையோ மேற்கே இறங்கிப் பாரதப்புழையோடு சேர்ந்து அரபிக்கடலுக்குப் போய்விடுகிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டார். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் எங்கள் பெயரைக் கூப்பிட்ட பிறகும் வர மனசில்லை.

ஜீப் ரோடு மோசம்தான். முதுகுவலி, கழுத்துவலி இருப்பவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டி முடுகர் சமூகத்து இளைஞர். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடிகள். நாங்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். உச்சிக்கிளையில் கருமந்திக் கூட்டம். இன்னொரு இடத்தில் மலை அணில், பூனை அளவு, வால் அதைவிட நீளம். தலைக்கு மேலே விசிறி அடிப்பது போல ஒரு சத்தம் போனது, இருவாச்சியின் சிறகு என்றார். பறவையை நான் பார்க்கவில்லை, மகள் பார்த்தாளாம்.

இந்தக் காட்டின் புகழுக்குக் காரணமான சிங்கவால் குரங்கு எங்களுக்குக் கண்ணில் படவே இல்லை. அது மரத்திலேயே வாழ்கிற பிராணி. அது விரும்பித் தின்கிற வெடிப்பலா மரங்களை மட்டும் காட்டினார். மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால், சிங்கவால் குரங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பொள்ளாச்சியில் வால்பாறை பஸ் ஏறுங்கள். வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டத்தில் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்திருக்கும். இங்கே வருவது காட்டைப் பார்க்க. குழந்தைகளிடம் கிளம்பும் முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது. புலி, யானை என்று ஆசை காட்டிக் கூட்டிப் போனால் திரும்பும் வழியெல்லாம் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

சைரந்திரியில் உயரமான கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது. முட்டிவலிக்காக அம்மா கீழேயே நின்றுவிட்டார், நாங்கள் ஏறினோம். சுற்றிலும் ஒரு வீடு, ஒரு கம்பம், ஒரு டவர் கிடையாது. கீழே பள்ளத்தில் குந்திப்புழை. அந்த இடத்தில்தான் நீர்மின் திட்டத்துக்கு அணை கட்டுவதாக இருந்தது. 1970-களின் கடைசியில் கேரளத்தில் ஆசிரியர்களும் கவிஞர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார். மொத்தம் 90 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இதைப் படித்துவிட்டுப் போனால் கோபுரத்தின் மேல் நிற்கிற ஐந்து நிமிடம் வேறு மாதிரி இருக்கும். இல்லையென்றால் 'நல்ல வியூ' என்று செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடுவோம். கீழே வந்தால் அம்மா வழிகாட்டியிடம் தாராபுரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் தாராபுரத்தைத்தான் விராடபுரம் என்பார்கள். பாஞ்சாலி சைரந்திரி என்ற பேரில் ஒளிந்திருந்தது எங்கள் ஊரில் என்று அவர் வாதாட, அந்தப் பையன் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு நாங்களே கொண்டு போனது. உள்ளே கடை கிடையாது, பிளாஸ்டிக்கும் கூடாது. எவர்சில்வர் தூக்கில் புளிச்சோறும் துணிப்பையில் கடலை மிட்டாயும் போதுமாக இருந்தது. காட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் பிரித்து உட்கார முடியாது, வழிகாட்டி சொல்கிற இடத்தில்தான். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். பிப்ரவரியில் அட்டை அவ்வளவாக இல்லை. மழை ஓய்ந்த கையோடு போகிறவர்கள் உப்பு ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால், பெரிய செலவு ஜீப், அடுத்தது அறை, அப்புறம் மன்னார்க்காடு பஸ்ஸும் முக்காலியில் குடித்த சாயாவும். டிராவல்ஸ்காரர் சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை.

இரவிகுளத்துக்கும் இப்படியே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். உடுமலையிலிருந்து மூணாறு போகிற பஸ் சின்னாறு, மறையூர் வழியாகப் போகிறது. பூங்காவின் கேட் இருக்கிற ஐந்தாம் மைல் அந்த ரோட்டிலேயே மூணாறுக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஆகவே மூணாறில் அறை போட வேண்டியதில்லை. மறையூரில் தங்கிக் காலையில் முதல் பஸ் பிடித்தால் போதும், அறையும் மலிவு. கேட்டிலிருந்து வனத்துறை பஸ் ராஜமலை வரை ஏற்றிப் போகும், அதற்கு ஆன்லைனில் சீட்டு எடுக்கலாம். அங்கே வரையாடு ரோட்டோரமாகவே மேயும், ஆகவே மகளுக்கு இந்த முறை தைரியமாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏப்ரலில் திறந்ததும் கூட்டம் அலைமோதும் என்பதால் ஸ்கூல் லீவு விடுவதற்கு முன்னால் ஒரு செவ்வாய், புதன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மச்சினன் இப்போதே சீட் கேட்கிறான். அது பஸ் என்பதால் ஆளுக்குத்தான் டிக்கெட், அவன் வந்தாலும் வராவிட்டாலும் என் பங்கு குறையப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.