கிணுகிணுவா, லொடலொடவா?

சத்தத்துக்கு என்ன பெயர் என்பதில்தான் முதல் சண்டை. காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள்ளிருந்து வந்தது எனக்குக் 'கிணுகிணு' என்று கேட்டது. பையன் 'டர்ர்க்' என்றான். வீட்டம்மா வாசல்படியில் நின்று, விடைத்தாள் திருத்தும் முகத்தோடு ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "லொடலொட. இரட்டைக்கிளவி. பிரிச்சா பொருள் தராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிரித்தால் பில்தான் வரும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அப்பா செய்தித்தாளில் இருந்து தலை தூக்கவில்லை. அவருக்கு அது எதுவுமே இல்லை.

வண்டிக்கு வயது 19. பையனைவிட ஐந்து வயது மூப்பு. அதனால் வீட்டில் அதற்கு 'அண்ணன்' என்று பெயர். "உன் அண்ணன் இருமுறான், போய்ப் பாரு" என்று அவனை எழுப்புவதும் உண்டு.

மெக்கானிக் கேட்டார்: "சத்தம் எப்படி சார் வருது?"

இதற்குப் பதில் சொல்வதுபோல மானம் போகிற காரியம் உலகத்தில் இல்லை. ஐம்பதை நெருங்கும் மனிதன், இன் செய்த சட்டையோடு, நடு ஷெட்டில் நின்று 'கிணுகிணு' என்றேன். அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் அடித்தொண்டையில் முயன்றேன். பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்த இரண்டு பையன்கள் தலையை வெளியே நீட்டினார்கள். "இன்னொரு தடவை பண்ணுங்க சார்" என்றான் ஒருவன். நோயறிவதற்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மெக்கானிக்கிடம் முழு இலக்கணமே இருந்தது. டிக்டிக் என்றால் வால்வைத் தட்டித் திறக்கும் டேப்பெட். கீச்சென்றால் பெல்ட். சலசல என்றால் சைலன்சர் குழாய்மேல் இருக்கும் ஹீட் ஷீல்டு தகடு. "டொக்கு டொக்குன்னு அடிவயித்துலேருந்து வந்து, ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஜாஸ்தியாச்சுன்னா மட்டும் ஓட்டாதீங்க சார். அது கனெக்டிங் ராடு பேரிங். அங்கயே நிறுத்திட்டு போன் பண்ணுங்க." அன்று இரவு தூக்கத்தில் எனக்கு டொக்கு டொக்குதான். எழுந்து பார்த்தால் ஜன்னல் கொக்கி.

ஷெட்டில் வண்டி வாயே திறக்கவில்லை. குளிர்ந்த எஞ்சினில் முதல் ஐந்து நிமிடம்தான் கச்சேரி. ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சூடாகி, சாதுவாகிவிடும். மூன்று முறை போனேன், மூன்று முறையும் என் நேர்மை சந்தேகத்துக்கு உள்ளானது. போனில் பதிவு செய்து கொண்டுபோனேன். அதில் காக்கா மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. பாவம் பார்த்து ஹீட் ஷீல்டு போல்ட்டை முறுக்கி அனுப்பினார். மறுநாள் காலை கிணுகிணு, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இணையத்தில் படித்துத் தொலைத்தேன். ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று என்றால் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் அதில் பாதி, 400. அப்படியானால் ஒரு வால்வின் டேப்பெட் சத்தம் நொடிக்கு ஆறேழு முறை. வாட்சும் கையுமாகப் பானட்டுக்குள் குனிந்து எண்ண ஆரம்பித்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்து, "நாடி பாக்கறீங்களா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். ஓடும் பெல்ட்டில் தள்ளி நின்று தண்ணீர் பீய்ச்சினேன். பெல்ட் கத்தினால் நனைந்ததும் ஒரு கணம் அடங்க வேண்டும். அடங்கவில்லை. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, சில நொடிகள் மட்டும் ஓட்டிப் பார்த்தேன் (வாட்டர் பம்பும் அந்த பெல்ட்டில்தான், அதிக நேரம் கூடாது). சத்தம் போயே போய்விட்டது! எஞ்சின் குற்றவாளி இல்லை. பெல்ட் சுற்றுகிற ஏதோ ஒன்று: ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், இல்லை பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளை. மூன்றும் பக்கம் பக்கம் உட்கார்ந்து ஒரே குரலில் பேசுகின்றன.

பெல்ட்டை மாட்டி நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார், கையில் அந்தப் பழைய மரப்பிடி திருப்புளியோடு. முதல் வேலையாக என் தோளில் கிடந்த துண்டைப் பிடுங்கித் தூர எறிந்தார். "சுத்துற பெல்ட்டுக்குப் பக்கத்துல துண்டா?" பிறகு "ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

அப்பாவுக்குக் காது போய் ஆறு வருடம். கருவி வாங்கிக் கொடுத்தோம், மேஜை டிராயருக்குள் பத்திரமாக இருக்கிறது. இவர் எதைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திருப்புளியின் முனையை ஆல்டர்னேட்டர் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார். இல்லையென்று தலையாட்டினார். அடுத்து வாட்டர் பம்ப். தலையாட்டல். அடுத்து டென்ஷனர் நடு போல்ட். அப்படியே நின்றுவிட்டார்.

"இங்கதான்டா. கரகரங்குது. பேரிங் காஞ்சு கிடக்கு."

டாக்டர் அன்றைக்கே சொன்னார். காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகள் இறுகிவிட்டன, உள்காது நன்றாகத்தான் இருக்கிறது என்று. இசைக்கவையை எலும்பில் வைத்தபோது கேட்டது, காதருகே பிடித்தபோது கேட்கவில்லை. நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

இடம் தெரிந்துவிட்டது, எஞ்சினை நிறுத்தலாம் என்று கதவைத் திறந்தேன். "இருடா" என்றார். வால்வு மூடியில் ஊன்றினார். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் ஒவ்வொன்றாக ஊன்றினார். கண்ணை மூடிக்கொண்டார். "நாலும் ஒண்ணுபோல அடிக்குது" என்று எனக்கோ வண்டிக்கோ சொன்னார். எஞ்சின் சூடாகி, கரகரப்பு அடங்கி, அதற்குப் பிறகும் வெகுநேரம் நின்றார். நான் நிறுத்தவில்லை. பெட்ரோலை யார் பார்த்தது.

உருளை மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் பழையதை விரலில் மாட்டிச் சுற்றிக் காட்டினார், கரகரவென்றேதான் சுற்றியது. வீட்டம்மா மட்டும் இன்னும் லொடலொடதான் என்கிறாள்.

இப்போது தொல்லை வேறு. ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின், தண்ணீர் மோட்டார், மாடிப்படியில் ஓடும் குழாய், எல்லாவற்றிலும் அப்பா திருப்புளி ஊன்றிவிட்டார். மோட்டாருக்கு இன்னும் ஒரு வருடம் கெடு கொடுத்திருக்கிறார். திருப்புளிக்கு மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிரந்தர இடம்.

நேற்றிலிருந்து வண்டியில் நிஜமாகவே ஒரு லொடலொட. நம்பர் பிளேட் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, இரண்டு சுற்று முறுக்கினால் போதும். வீட்டில் இருப்பது அந்த ஒரு திருப்புளிதான். கேட்டால், காது கேட்காத மாதிரி இருக்கிறார்.