புலம்பெயர்வு ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன்

புலம்பெயர்வு ஆய்வியலில் முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்புக்கு இன்று விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டிருந்த பகுதியில், தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பேருந்து நிலையத்தில் கொத்துக்கரண்டியும் துணிமூட்டையுமாகப் பெங்களூரு செல்லக் காத்திருக்கும் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியும், அவர்கள் திரும்பும்வரை பாட்டியிடம் வளரும் பிள்ளைகளைப் பற்றியும் எழுதினேன். புலம்பெயர்வோரில் பெரும்பாலோர் குறுகிய தொலைவே செல்கிறார்கள் என்று புவியியலாளர் ராவன்ஸ்டைன் 1885இல் எழுதியது தருமபுரிக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால், மாநில எல்லையைத் தாண்டியதும் நலவாரியப் பதிவு முதல் பிள்ளைகளின் பள்ளிப் பாடமொழி வரை எல்லாமே சிக்கலாகிவிடுவதை வெறும் தொலைவுக் கணக்கு காட்டுவதில்லை. 1979ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டமும் ஒப்பந்ததாரர் வழியாகச் சென்றவர்களையே கணக்கில் கொண்டது. தாமாக வேலை தேடிச் சென்றவர்கள் அதற்குள் வரவில்லை. என் ஆய்வு அவர்களைப் பற்றியதாகவே இருக்கும். பரிந்துரைக் கடிதம் தந்த பேராசிரியருக்கு என் மனமார்ந்த நன்றி.