இராயப்பரும் சின்னப்பரும்

எங்கள் கடற்கரைப் பங்கின் கோயிலுக்குப் பாதுகாவலர்கள் இருவர்: புனித பேதுருவும் புனித பவுலும். எழுபதைத் தாண்டியவர்கள் அவர்களை இன்றும் இராயப்பர், சின்னப்பர் என்றே சொல்வார்கள். சூன் 29 திருநாளுக்கு முன்னால் கோபுரத்தில் ஏறிய இரண்டு புது மணிகளிலும் அந்தப் பழைய பெயர்களையே வார்ப்பில் பொறித்திருக்கிறார்கள். பெரியது இராயப்பர், சிறியது சின்னப்பர். இது தற்செயலாக அமைந்த பொருத்தம் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதாக இல்லை.

பழைய மணியின் விளிம்பில் நகத்தால் தடவினால் மட்டுமே தட்டுப்படும் ஒரு கீறல் விழுந்து, அதன் குரல் ஓட்டைப் பானையைப் போல ஆகிவிட்டிருந்தது. மணி வெண்கலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். நாதம் நீண்டு நிற்பதற்குக் காரணமான அந்த வெள்ளீயமே உலோகத்தை எளிதில் விரிசல் விடக்கூடியதாகவும் ஆக்கிவிடுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் பதிவு செய்த மணியோசையை ஒலிபெருக்கியில் போட்டார்கள். நண்பகல் மூவேளைச் செபத்துக்கு அது ஒலிக்கும்போது, என் அம்மா சாளை அரிந்துகொண்டிருக்கும் கையை நிறுத்தியதே இல்லை.

கோபுரத்தில் ஏற்றுவதற்கு முன் மணிகள் மூன்று நாள் கோயில் முற்றத்தில் இருந்தன. ஆனி மாதத்தில் கடல் அடித்துக்கொண்டிருக்கும், எங்கள் மேற்குக் கரை விசைப்படகுகளுக்கோ சூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆகையால் ஊரே கரையில்தான் இருந்தது. குமரி மாவட்டத்துக் காற்றாடிமலைக்குப் போகிறவர்கள், அங்கே மணிபோல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டிப் பார்ப்பதுபோல, பிள்ளைகள் காசாலும் சாவியாலும் தட்டித் தட்டிக் கேட்டார்கள். ஒரே வடிவத்தில் வார்த்த மணியின் விட்டம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும், எடையோ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதை அப்போதுதான் ஒரு சிறுவனுக்கு விளக்க முயன்று தோற்றேன். மந்திரிப்பு நாளில் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டினார்கள். பழைய சடங்கில் ஆயர் மணியைக் கழுவி, வெளியே ஏழும் உள்ளே நான்குமாக எண்ணெயால் சிலுவை வரைவார். அதனாலேயே பெரியவர்கள் இதை மணிக்கு ஞானஸ்நானம் என்கிறார்கள்.

இப்போது சின்னப்பரை மின்சுத்தியல் நேரம் தவறாமல் அடிக்கிறது. பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ முடிந்ததிலிருந்து பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் வரும்வரை மணி ஒலிக்கக்கூடாது என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது, யாராவது நினைவாக நிறுத்தியாக வேண்டும். இராயப்பருக்கும் ஒரு சுத்தியல் வாங்கிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது கயிறே போதும் என்று நின்றவர்களில் நானும் ஒருவன். துக்கமணியின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது கயிற்றைப் பிடித்த கைக்கே தெரியும்.

சூலை இரண்டாம் வாரம் ஒரு காலையில் இராயப்பர் முதன்முதலாகத் துக்கத்துக்கு ஒலித்தார். ஒலிபெருக்கியில் இன்னும் பெயர் அறிவிக்கவில்லை. அம்மா மீன்சட்டியைத் தள்ளி வைத்து, செதிள் ஒட்டிய கையோடு முற்றத்துக்கு வந்து, கோபுரத்தைப் பார்த்தபடி கேட்டார்: “ஆரு மக்களே?”