கடமானைத் தேடி ஐந்தாவது பயணம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மலைக்காடுகளில் கடமான் வேட்டைக்குப் போகத் தொடங்கியபின் இது ஐந்தாவது பயணம். முதல் நான்கிலும் ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை.

இங்குள்ளவை நம் பக்கத்து மிருகங்கள்தான். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்டவற்றின் வழி வந்தவை. முதுமலையில் பஸ் ஜன்னல் வழியாகச் சிறுவயதில் பார்த்த அதே கடமான். அங்கே அதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. இங்கே அது பெருகி, மலையுச்சியின் ஈரநிலங்களை மிதித்துக் குலைக்கிறது. உரிமம் பெற்றவர் ஆண்டு முழுவதும் பகலில் தடம் பார்த்து வேட்டையாடலாம், இரவில் கூடாது. துப்பாக்கிக் குழலின் விட்டம் .270 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. என்னோடு வரும் அண்ணர் திருகோணமலைக்காரர். அவர் கடமானை மரை என்பார்.

இரண்டாம் பயணத்தில்தான் கடமான் என்னை முதலில் கண்டது. மான்ஸ்ஃபீல்டை அடுத்த ஹவ்க்வா ஆற்றுச் சரிவில், கார் ஹாரனை ஒருமுறை அழுத்தி விட்டதுபோல் ஓர் ஓசை. பிறகு நிலத்தில் குளம்பு தட்டும் சத்தம். அப்புறம் புதர்கள் முறிந்தன. கண்ணில் ஒரு மயிர்கூடப் படவில்லை. நான்காம் பயணத்தில் சருகு கிளறும் ஒலியை நாற்பது நிமிடம் தவழ்ந்து நெருங்கினேன். மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது ஒரு லயர்ப் பறவை. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில்தான் மெதுவாக நடக்கக் கற்றேன்.

"காற்றைப் பாரும், தம்பி" என்று அண்ணர் ஒவ்வொரு முறையும் சொல்வார். இந்த முறை முகப்பவுடர் குப்பி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன். விடியலில் ஒரு சிட்டிகை தூவியதும் பொடி சரிவில் கீழ்நோக்கி வழிந்தது. வெயில் ஏறியபின் அதே இடத்தில் தூவினேன். பொடி மேல்நோக்கி எழுந்தது. முன்பெல்லாம் வெயில் ஏறியபிறகும் கீழிருந்தே ஏறி, என் வாடையை நானே மேலே அனுப்பியிருக்கிறேன். உடனே சுற்றுவழியில் மேட்டுக்கு ஏறி, அங்கிருந்து இறங்கினோம்.

பிளாக்பெர்ரிப் புதரோரம் ஒரு காது அசைந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. பைனாகுலரில் பார்க்கப் பார்க்க, மரத்தூர் என்று நினைத்தது முதுகாயிற்று. பெட்டை. கூடக் குட்டி இல்லை என்று நிச்சயமாகும்வரை காத்திருந்தோம். அது எழுந்து பக்கவாட்டில் நின்றபோது சுட்டேன். தூரம் எண்பது மீட்டர் இருக்கும்.

அடிபடாததுபோல் ஓடி மறைந்தது. என் கை நடுங்கியது. "உடனே போகாதீர்" என்றார் அண்ணர். பதினைந்து நிமிடம் கழித்துத் தடம் தேடினோம். பெரணி இலையில் நுரைத்த இரத்தம். நுரையீரலில் பட்டிருக்கிறது. அறுபது அடி கீழே ஓடைக்குள் கிடந்தது. கழுத்து மயிர் தேங்காய் நார்போல் முரடு. வாயோரத்தில் பாதி மென்ற இலை. சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

எடையை நான் எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை. அங்கேயே உரித்து, துண்டாக்கி, இருவரும் இரண்டு நடை ஏறினோம். இரண்டாம் சுமைக்குத் திரும்பியபோது ஆப்புவால் கழுகு ஒன்று எலும்புக்கூட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. கடைசிப் பை வண்டிக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அடுத்த பயணத்துக்கு இன்னும் பெரிய முதுகுப்பை வாங்க வேண்டும். தொடை இறைச்சி அண்ணர் வீட்டில் மிளகுக் கறியாகிறது.