வேப்பேரி மாட்டாஸ்பத்திரியும் எங்கள் வீட்டுப் பூனைக்குட்டியும்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ராத்திரி, பத்து மணி இருக்கும். மாடி வீட்டு சன்ஷேடிலிருந்து பொத்தென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி கிடந்தது. கத்தவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. இடது பின்னங்கால் முட்டிக்குக் கீழே துவண்டு தொங்கியது. தூக்கப் போன என் கட்டைவிரலில் நறுக்கென்று பல் பதித்துவிட்டது.

அம்மா பால் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு அக்கா, வலிக்கு அரை பாராசிட்டமால் கரைத்துக் கொடுக்கலாமே என்றார், நல்ல மனதோடுதான். நானும் கொடுத்திருப்பேன். வீட்டில் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், இத்தனை சின்னக் குட்டியை அரை மாத்திரையே கொன்றுவிடும் என்று மறுநாள் டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. மனிதர்களின் ஈரல் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றுகிறது. பூனையின் ஈரலால் அது முடியாது. இந்த ஒன்றை மட்டுமாவது தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

காலையில் முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். தொட்டுப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், எண்ணூறு ரூபாய் ஆனது. எக்ஸ்ரே, ஆபரேஷன், தங்கவைப்பது எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அவர்களுக்கும் வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் இருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் மாதக் கடைசி, என் கையில் மூவாயிரம்கூட இல்லை. "முடியாவிட்டால் வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். எங்கே போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வழி சொன்னவர் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன். "வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குப் போயேன் தம்பி, அங்க எல்லாம் பாப்பாங்க" என்றார். பெரம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அந்த வாசலை எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். பெயரில் மாடு இருப்பதால் பூனையைக் கொண்டுபோகலாம் என்று தோன்றியதே இல்லை. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. நாய், பூனை, கிளி, முயல் எல்லாம் வருகின்றன.

மறுநாள் சீக்கிரமே கிளம்பினோம். காய்கறிக் கூடைக்குள் அம்மாவின் பழைய புடவையை விரித்து, குட்டியை வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக் கட்டினேன். துண்டு அவசியம். வரிசையில் முன்னாலும் பின்னாலும் பெரிய பெரிய நாய்கள்; அவற்றைப் பார்க்காமல் இருந்தால்தான் குட்டி மிரளாமல் இருக்கும். ஓ.பி. சீட்டுக்கு வாங்கியது சொற்பத் தொகை. அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் அதைத்தான் கேட்பார்கள்.

இங்கே பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தேன், முழு நாளாகிவிட்டது. கல்லூரி ஆஸ்பத்திரி என்பதால் முதலில் மாணவர்கள் வந்து எல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள், அப்புறம்தான் பெரிய டாக்டர். எப்போது விழுந்தது, என்ன சாப்பிட்டது, மலம் போனதா, சிறுநீர் போனதா என்று ஒரு மாணவி பொறுமையாகக் கேட்டார். உயரத்திலிருந்து விழுந்த குட்டிக்குச் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம், அதனால்தான் அந்தக் கேள்வி. முந்தின ராத்திரி புடவையில் ஈரம் இருந்ததைச் சொன்னேன், அவர் முகம் தெளிந்தது. தராசில் அறுநூற்றைம்பது கிராம். பாலால் வயிறு இளகியிருந்தது. பசும்பாலை நிறுத்தச் சொல்லிவிட்டு, வேகவைத்த கோழியை மசித்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள் என்றார். இந்த வயதுக் குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் உடம்பு சில்லிட்டுச் சோர்ந்துவிடுமாம்.

பெரிய டாக்டர் குட்டியைப் பார்க்கும் முன் என் விரலைப் பார்த்தார். "கடிச்சுதா? ஊசி போட்டீங்களா?" நான் தலையாட்டினேன், இல்லையென்று. "இங்கேர்ந்து நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. குட்டிதானேன்னு விடக்கூடாது தம்பி." அன்று சாயங்காலமே போனேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம்தான். முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்கள். கடித்த உடனே கால் மணி நேரம் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார் டாக்டர். தீக்குச்சி அளவு எலும்பு, நடுவில் சாய்வாக ஒரு கோடு. முட்டிக்குக் கீழே, தோல் கிழியாமல், அதிகம் விலகாமல் உடைந்திருந்தது. "இதுக்குக் கட்டே போதும்" என்றார். தொடை எலும்பு உடைந்திருந்தால் கட்டு உதவாதாம். உடைந்த எலும்புக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற மூட்டுகள் இரண்டும் அசையாமல் இருக்க வேண்டும், இடுப்பு மூட்டை எந்தக் கட்டாலும் பிடித்துவைக்க முடியாது. அப்போது கம்பி வைத்துத்தான் ஆக வேண்டும்.

லேசாக மயக்கம் கொடுத்து, பஞ்சு சுற்றி, நடு விரல்கள் இரண்டும் மட்டும் தெரிகிற மாதிரி மாவுக்கட்டு போட்டார்கள். தினமும் அந்த விரல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வீங்கினாலோ, சில்லென்று இருந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அன்றைக்கே ஓடி வரச் சொன்னார்கள். குட்டி வளர்ந்துகொண்டே இருக்கும், கட்டு வளராது, அதனால் வாரா வாரம் பிரித்துக் கட்ட வேண்டும்.

இரண்டாவது வாரம் விரல்கள் லேசாக உப்பியிருந்ததை அம்மாதான் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. இருவரும் மாறி மாறி விழித்திருந்து, திங்கள் விடிந்ததும் கொண்டுபோனோம். கட்டைப் பிரித்ததும் குட்டி நீளமாக ஒரு மூச்சு விட்டது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

வீட்டில் அட்டைப்பெட்டிதான் அதற்கு அறை. குதிக்கக் கூடாது என்பதால் மேலே பழைய ஃபேன் கம்பிவலையைக் கவிழ்த்து வைத்தோம். வலி மருந்து இரண்டே சொட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில், கன்னத்தின் ஓரமாக விட வேண்டும். நேராகத் தொண்டையில் விட்டால் புரையேறும்.

நான்கு தடவை போய்வந்தோம். ஆட்டோவை விட்டுவிட்டால், எக்ஸ்ரே, வெளியே வாங்கிய பஞ்சு, மருந்து எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய். எல்லா நாளும் இதே அளவுதான் ஆகும் என்று நான் சொல்ல முடியாது. என் செலவு இது.

கடைசித் தடவை கட்டை எடுத்தபோது கால் மெலிந்து, முடியெல்லாம் கொட்டி, பென்சில் மாதிரி இருந்தது. மேஜைமேல் இறக்கிவிட்டார்கள். அந்தக் காலைத் தூக்கியே வைத்துக்கொண்டு மூன்று காலில் நின்றது. அப்புறம் நுனியை மட்டும் ஊன்றி, எடுத்து, மறுபடி ஊன்றியது. அந்த மாணவி கையிலிருந்த பேனாவை மெல்ல உருட்டிவிட்டார். குட்டி நான்கு காலிலும் அதன் பின்னால் போனது.

ஓ.பி. சீட்டு அலமாரியில் ரேஷன் கார்டோடு இருக்கிறது. அதன் பின்பக்கம் குட்டியின் தடுப்பூசிக்கு வர வேண்டிய தேதியை அம்மா சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.